டர்பனின் நாகரிக உணவகங்களும் தமிழர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எந்த உணவகத்தைப் பற்றியவை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஸ்மித் தெருவில் இருந்த ராயல் ஹோட்டலின் சாப்பாட்டு அறையும், அங்கிருந்து கால் மணி நேர நடையில் கிரே தெருவிலும் விக்டோரியா தெருவிலும் இந்தியர்கள் நடத்திவந்த உணவகங்களுமே இங்கே பேசப்படுகின்றன. முன்னது வெள்ளையர் நகரத்தின் கௌரவச் சின்னம். பின்னவை இந்தியர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்டவை. இவ்விரண்டின் வரலாற்றையும் தனித்தனியாக எழுதுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அப்படி எழுதும்போது பாதிக் கதை விட்டுப்போகிறது என்பது என் கருத்து. ஒரு தெருவில் தட்டு ஏந்தி நின்ற சமூகம்தான் அடுத்த தெருவில் தனக்கென்று மேசை விரித்தது. அந்த முதல் தெருவில் கற்ற தொழிலும் அங்கே பட்ட அவமானமும் சேர்ந்தே இரண்டாவது தெருவின் நாகரிகத்தை உருவாக்கின.

தமிழர்கள் ஹோட்டல் பணிக்கு எப்படி வந்தார்கள்? எல்லாரும் கரும்புத் தோட்டத்துக்குத்தானே போனார்கள்?

எல்லாரும் போகவில்லை. 1860 நவம்பர் 16ஆம் நாள் ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டால் என்னும் ஆங்கிலேயக் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே ஆவர். பெரும்பகுதியினர் கரும்புக்கும், மற்றவர்கள் ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம், தேயிலைத் தோட்டம், நகராட்சி ஆகியவற்றுக்கும் அனுப்பப்பட்டார்கள் என்பது பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத பிரிவினர் ‘சிறப்புப் பணியாளர்கள்’ என்று பதிவேடுகளில் குறிக்கப்பட்டவர்கள். சமையல், பரிமாறல், சலவை, வீட்டு வேலை ஆகியவற்றில் பழகியவர்களை, குறிப்பாக ஆங்கிலேயர் வீடுகளில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களை, ஹோட்டல்களும் கிளப்புகளும் மருத்துவமனைகளும் இந்தியாவிலிருந்து தனியாகக் கேட்டு வரவழைத்தன. தோட்டக் கூலியைவிட இவர்களுக்குச் சம்பளம் கூடுதல். ஆனால் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து இவர்களுக்கும் விடுதலை இல்லை.

1896இல் உலகச் சொற்பொழிவுப் பயணத்தில் டர்பன் வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் ராயல் ஹோட்டலில்தான் தங்கினார். அங்கே சாப்பாடு நன்றாக இருந்ததென்றும், உள்ளூர்க் கறுப்பினத்தவரும் ‘மதராசிகளும்’ நன்றாகப் பணிவிடை செய்தார்களென்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார். அந்த மதராசிகளில் ஒருவருடைய பெயரைக்கூட அவர் குறிக்கவில்லை. பயணிகளின் குறிப்புகளில் பரிமாறுபவரின் தலைப்பாகையும் இடைக்கச்சையும் வருணிக்கப்படும் அளவுக்கு அவருடைய ஊரும் பெயரும் இடம்பெறுவது அரிது.

இந்தியர்கள் அந்த ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிட முடிந்ததா?

முடியவில்லை என்பதே நேரான பதில். இதில் வழக்கம் முந்தியது, சட்டம் பிந்தியது. 1893இல் இளம் வழக்கறிஞராக வந்த காந்தியின் அனுபவம் டர்பனுக்கு வெளியே நிகழ்ந்ததாயினும் இங்கே பொருந்தும். ஜோகன்னஸ்பர்கில் கிராண்ட் நேஷனல் ஹோட்டலுக்குப் போய் அறை கேட்டபோது, மேலாளர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிரிட்டோரியாவில் ஜான்ஸ்டன் என்னும் அமெரிக்கர் தம் விடுதியில் இடம் கொடுத்தார். ஆனால் மற்ற விருந்தினர்கள் வருத்தப்படுவார்கள் என்பதால் சாப்பாட்டை அறையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு அவருக்கே மனம் உறுத்தி, மற்றவர்களிடம் கேட்டு, அவர்களுக்கு மறுப்பில்லை என்று தெரிந்ததும் காந்தியைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்தார். தங்க இடம் கொடுப்பதைவிட, ஒரே அறையில் உடன் உண்பதுதான் அந்தச் சமூகத்துக்குக் கடினமாக இருந்தது என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் இந்த வழக்கத்துக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஒதுக்கப்படும் வசதிகள் சமமாக இருக்கவேண்டியதில்லை என்றும் அது வெளிப்படையாகவே கூறியது. 1963இல் டர்பனைச் சேர்ந்த பாப்வா சேவ்கோலம் என்னும் இந்தியக் கோல்ஃப் வீரர் நேட்டால் ஓப்பன் போட்டியில் வென்றபோது, கிளப் கட்டடத்துக்குள் நுழைய அனுமதியில்லாததால் மழையில் வெளியே நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவியது. 1970களின் நடுப்பகுதியில் சில பெரிய ஹோட்டல்களுக்கு மட்டும் ‘சர்வதேச’ உரிமம் வழங்கி எல்லா இனத்தவரையும் அனுமதித்தார்கள். சட்டம் முழுவதும் நீக்கப்பட்டது 1990இல்தான்.

இந்தியப் பரிமாறுநர்களின் வேலையையே பறிக்க ஒரு சட்டம் வந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை, இந்த வரலாற்றில் கூடுதல் கவனத்துக்குரிய பகுதி இதுவே. 1928இல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட மதுச் சட்ட வரைவில் 104ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மது விற்கும் உரிமம் பெற்ற இடங்களில் இந்தியர்களை வேலைக்கு வைத்துக்கொள்வதை அது தடுக்க முனைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மது ஒழுங்குமுறை போலத் தோன்றும் அந்தப் பிரிவு நிறைவேறியிருந்தால், நேட்டாலின் ஹோட்டல்கள், கிளப்புகள், மது ஆலைகளில் பணிபுரிந்த ஏறக்குறைய 3,000 இந்தியர்கள் ஒரே நாளில் வேலை இழந்திருப்பார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பரிமாறுநர்கள். பரம்பரையாக இதே தொழிலில் இருந்த குடும்பங்களுக்கு அப்போது வேறு கதி இல்லை.

அந்தச் சமயத்தில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர் தஞ்சை மண்ணில் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. ஆங்கிலச் சொல்வன்மைக்குப் பேர்பெற்ற அவர் அமைச்சர்களையும் உறுப்பினர்களையும் நேரில் கண்டு வாதாடினார். இந்திய அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. முடிவில் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. டர்பனில் சாஸ்திரி கல்லூரி என்று அவர் பெயரால் நிற்கும் பள்ளியைப் பலரும் அறிவார்கள்; ஹோட்டல் சமையலறைகளையும் சாப்பாட்டு அறைகளையும் இந்தியர் கையை விட்டுப் போகாமல் காத்ததில் அவருக்கிருந்த பங்கை அந்த அளவுக்கு யாரும் நினைவுகூர்வதில்லை. வெள்ளையர் ஹோட்டல்களில் பணிவிடை செய்யும் உரிமைக்காகவா போராடினார்கள் என்று இன்று ஒருவர் இகழ்ச்சியாகக் கேட்கக்கூடும். பசித்த குடும்பத்தை அறியாதவர்கள்தாம் அப்படிக் கேட்பார்கள்.

கிரே தெருவில் உணவகங்கள் தோன்றியது எப்படி?

ஒப்பந்தக் கூலிகளைத் தொடர்ந்து, சொந்தச் செலவில் கப்பலேறி வந்த குஜராத்தி வணிகர்கள் கிரே தெருப் பகுதியில் கடைகள் வைத்தார்கள். ஜும்மா மசூதியும் அதைச் சுற்றிய வணிக வளாகங்களும் அந்தத் தெருவுக்கு ஒரு முகத்தைக் கொடுத்தன. 1903இல் காந்தியின் ஆதரவில் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ், தமிழ்ப் பகுதியும் உட்பட, இந்தத் தெருவிலிருந்த அச்சகத்தில்தான் முதன்முதலில் அச்சாயிற்று. காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் வண்டி ஓட்டி வந்த தமிழ் விவசாயிகள், கடைச் சிப்பந்திகள், நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் ஆகிய எல்லாருக்கும் பகலில் ஓரிடத்தில் சாப்பாடு வேண்டியிருந்தது. அவர்களை உள்ளே விடும் உணவகம் வெள்ளையர் பகுதியில் ஒன்றுகூட இல்லை.

உணவகம் வைப்பதும் எளிதாக இருக்கவில்லை. நேட்டாலின் 1897ஆம் ஆண்டு வணிக உரிமச் சட்டம், உரிமம் கொடுப்பதையும் மறுப்பதையும் நகராட்சி அதிகாரி ஒருவர் கையில் ஒப்படைத்தது. அவர் மறுத்தால் நகர மன்றத்திடம்தான் முறையிடலாம். நீதிமன்றம் போக வழியில்லை. கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இல்லை, இடம் சுகாதாரமாக இல்லை என்னும் காரணங்கள் எப்போதும் தயாராக இருந்தன. இந்தத் தடைகளைத் தாண்டி நிலைத்தவற்றுள் 1912இல் தொடங்கி 1992 வரை கிரே தெருவில் நடந்த ஜி. சி. கபித்தான் சைவ உணவகம் பெயர் பெற்றது. பட்டேல் சைவச் சிற்றுண்டிச்சாலையும் அதே தெருவின் பழைய அடையாளம். இவை குஜராத்தியர் கடைகளாயினும், வெள்ளி, செவ்வாய்க்கிழமைகளிலும் புரட்டாசியிலும் அசைவம் தொடாத தமிழ்க் குடும்பங்களுக்கு நம்பிச் சாப்பிடக்கூடிய இடங்களாக இருந்தன.

பன்னி சௌவைக் கண்டுபிடித்தது யார்?

ரொட்டியின் நடுவைக் குடைந்து, உள்ளே பீன்ஸ் கறியோ ஆட்டுக்கறியோ ஊற்றித் தரும் இந்த உணவுக்கு உரிமை கோருபவர்கள் பலர். கபித்தான் கடை என்பார் உண்டு. பட்டேல் கடை என்பார் உண்டு. கோல்ஃப் மைதானத்தில் மட்டை சுமந்தவர்களுக்காகத் தொடங்கியது என்பாரும் உண்டு. எந்தக் கதையை ஏற்றாலும் காரணம் ஒன்றே: கடைக்குள் உட்கார முடியாத ஒருவருக்குத் தட்டும் கரண்டியும் இல்லாமல் குழம்பைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அது சைவமாக, சுகர் பீன்ஸ் கறியாகவே இருந்தது.

‘லவுஞ்சு’கள் என்பவை மது அருந்தும் இடங்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தியர்கள் மது வாங்குவதற்கும் அருந்துவதற்கும் 1960களின் தொடக்கம் வரை சட்டக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆகவே 1940களிலும் 1950களிலும் விக்டோரியா தெரு, கிரே தெரு சந்திப்பைச் சுற்றித் தோன்றிய குட்வில் லவுஞ்சு, விக்டரி லவுஞ்சு போன்றவை தேநீர், ஐஸ்கிரீம், ரோஜா சர்பத் கலந்த பாம்பே கிரஷ், கறியும் சோறும், ஆங்கிலேய முறையில் வறுத்த இறைச்சி ஆகியவற்றைப் பரிமாறும் நாகரிக உணவகங்களாக இருந்தன. மேசை விரிப்பு, சீருடை அணிந்த பரிமாறுநர், ஒழுங்காக மடித்த கைத்துணி ஆகிய எதற்கும் அங்கே குறையிருக்கவில்லை. ஸ்மித் தெருவின் பெரிய ஹோட்டல்களில் எப்படிப் பரிமாறுகிறார்கள் என்பதை அங்கே பரிமாறியவர்களைவிட யார் நன்றாக அறிந்திருக்க முடியும்? டர்பன் இந்தியர்கள் பொது இடத்தில் விருந்தினர்களாக நடத்தப்பட்டது முதலில் இங்கேதான்.

இந்த வாழ்வுக்கு உயிர் கொடுத்தவை திரையரங்குகள். ஷா ஜஹான், அவலான், ராஜ், நாஸ் ஆகியவற்றில் இந்தி, தமிழ்ப் படங்கள் ஓடும் வார இறுதிகளில், ஆண்கள் கோட்டும் தொப்பியும் அணிந்தும் பெண்கள் பட்டுப் புடவை உடுத்தும் படத்துக்கு முன்போ பின்போ லவுஞ்சில் உட்காருவது ஒரு சடங்காகவே இருந்தது. இந்தியர்கள் பின்னர் அனுப்பப்பட்ட சாட்ஸ்வர்த் புறநகரில் பிறந்த தலைமுறைக்கு இது கேள்விப்பட்ட செய்தி மட்டுமே.

பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்சு ஜாஸ் இசைக்குப் பெயர் பெற்றது. 1949 ஜனவரியில் விக்டோரியா தெருப் பகுதியில் தொடங்கிய கலவரத்தில், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் இந்தியருமாக, 142 பேர் உயிரிழந்த நகரம் இது என்பதை மனத்தில் கொண்டால், அடுத்த பத்தாண்டில் அதே தெருவில் கறுப்பினக் கலைஞர்களின் இசையை இந்தியர்களும் மற்றவர்களும் ஒரே கூரையின் கீழ் கேட்டது எவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும்.

மண்டேலா சாப்பிட்டது கிரே தெரு கபித்தான் கடையிலா?

இல்லை, பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் இது. மண்டேலா வழக்கமாகச் சென்றது ஜோகன்னஸ்பர்கில் கோர்ட் தெருவில் மாடியில் இருந்த கபித்தான் உணவகம். 1952இல் அவரும் ஆலிவர் தாம்போவும் சான்சலர் ஹவுஸ் கட்டடத்தில் வழக்கறிஞர் அலுவலகம் வைத்தார்கள். அங்கிருந்து அது அதிக தூரமில்லை. கறுப்பினத்தவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய மிகச் சில நகர உணவகங்களுள் அதுவும் ஒன்று. பல ஆண்டுகளுக்குப் பின், அந்த உணவகம் மூடப்படவிருக்கிறது என்ற செய்தியைச் சிறையில் கேள்விப்பட்ட மண்டேலா, அங்கே உண்ட கறிகளை நினைத்து வருந்தி உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார்.

காந்தி உணவகம் நடத்தினாரா?

நடத்தவில்லை, ஆனால் ஒன்றில் பணம் போட்டு இழந்தார். ஜோகன்னஸ்பர்கில் தாம் வழக்கமாகச் சாப்பிட்ட சைவ உணவகத்தில்தான் பின்னாளில் தம் நெருங்கிய துணைவர்களான ஆல்பர்ட் வெஸ்டையும், 1904இல் ஹென்றி போலக்கையும் அவர் சந்தித்தார். இன்னொரு சைவ உணவகத்தைப் பெரிதாக விரிவாக்க விரும்பிய ஒரு பெண்மணி உதவி கேட்டபோது, தம்மிடம் வழக்குக்காக வந்த கட்சிக்காரர் ஒருவர் ஒப்படைத்திருந்த பணத்திலிருந்து, அவருடைய ஒப்புதலோடு 1,000 பவுன் கொடுத்தார். கடை நொடித்தது, பணம் திரும்பவில்லை. காந்தி தம் கையிலிருந்து அதை ஈடுகட்டினார். பத்ரி என்னும் அந்தக் கட்சிக்காரர் ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்கா வந்தவர். நாகரிக வட்டத்தினர் கூடிய ஒரு சைவ உணவகத்துக்கு முதல் போட்டது முன்னாள் கூலி ஒருவரின் சேமிப்பு என்பதைச் சத்திய சோதனையின் வாசகர்கள்கூடப் பல நேரம் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

டர்பன் கறி ஏன் தமிழ்நாட்டுக் குழம்பைப் போல இல்லை?

தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி இது. செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்க, தக்காளியும் மிளகாய்த்தூளும் மேலோங்க, புளியும் தேங்காயும் ஏறக்குறைய இல்லாமல் வரும் கறியைப் பார்த்து, இது எந்த ஊர்ச் சமையல் என்று திகைக்கிறார்கள். கறிவேப்பிலை மட்டும் தவறாமல் இருக்கும். அது இங்கே பல வீட்டு முற்றங்களில் வளர்கிறது. ஆட்டுக்கறியில் பெரிய துண்டாகக் கிடக்கும் உருளைக்கிழங்குக்கு ‘கிரேவி சோக்கர்’ என்று பெயர். அது இல்லாவிட்டால் டர்பன்காரர் கறி என்று ஒப்புக்கொள்ளமாட்டார். பிரியாணியில் மைசூர்ப் பருப்பு சேர்வதும் இந்த ஊர் வழக்கமே.

காரணங்களை வரலாற்றில்தான் தேடவேண்டும். ஒப்பந்தக் கூலிகளுக்கு அளந்து கொடுக்கப்பட்ட அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு ஆகியவற்றோடு, அரிசி கிடைக்காதபோது மக்காச்சோள மாவும் வந்தது; ஆடி மாதத்து மாரியம்மன் கூழ்கூட இங்கே அந்த மாவில் காய்ச்சப்படுகிறது. ஒரே வரிசை வீடுகளில் தமிழரும் தெலுங்கரும் போஜ்பூரி பேசியவர்களும் அடுத்தடுத்து வாழ்ந்ததால் ரொட்டியும் ரசமும் ஒரே அடுப்புக்கு வந்தன. ஆனால் இவற்றைவிட முக்கியமானது வரவு நின்றுபோனது. 1911இல் ஒப்பந்த முறை முடிந்தது. 1913ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால் இந்தியாவிலிருந்து புதியவர்கள் வருவது ஏறக்குறைய நின்றது. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. தூதரக உறவு மீண்டும் மலர்ந்தது 1993இல். எண்பது ஆண்டுகள் ஒரு புதிய சமையற்காரரும் ஊரிலிருந்து வராத சமையலறையில் பழைய கைப்பக்குவம் தன் போக்கில் வளர்ந்தது. தமிழ்நாட்டில் இட்லியும் தோசையும் ஹோட்டல் உணவாக மாறி நாடெங்கும் பரவிய காலம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே டர்பன் கறியைச் சிதைந்துபோன தமிழ்ச் சமையல் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் மாறியிருக்கின்றன.

உலுண்டி உணவகம் என்பது எது? அதை எப்படி மதிப்பிடுவது?

ராயல் ஹோட்டல் புதுக் கட்டடத்துக்கு மாறிய பின் அங்கே நடந்த கறி உணவகமே உலுண்டி. பிரிட்டிஷ் இந்தியாவின் நினைவைத் தூண்டும் அலங்காரமும், தலைப்பாகையும் கச்சையும் அணிந்த இந்தியப் பரிமாறுநர்களும், சிறு கிண்ணங்களில் சுற்றி வைக்கப்படும் சம்பல்களும் அதன் சிறப்பு. சமையல் தரமானது என்பதில் உண்டவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எனக்குள்ள தயக்கம் அலங்காரத்தைப் பற்றியது. கூலி வரிசை வீட்டின் அடுப்பில் பிறந்த கறிக்கு வைஸ்ராய் மாளிகையின் உடுப்பை மாட்டினால்தான் ஸ்மித் தெருவில் விலை போகும் என்றிருந்தது. ஆயினும் அந்த உடுப்புக்குள் நின்றவர்கள் தங்கள் தொழிலைக் கலையாகவே செய்தார்கள்; அந்த வேலையால் பிள்ளைகளை ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆக்கிய குடும்பங்கள் டர்பனில் ஏராளம்.

கிரே தெருவின் பொலிவு ஏன் குறைந்தது?

எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் இருக்கலாம் என்று பிரித்து ஒதுக்கிய 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் முதற்காரணம். அப்பகுதி யாருக்கென்று பல ஆண்டுகள் முடிவு செய்யாமலே வைத்திருந்தார்கள். 1973இல் இந்தியருக்கு என்று அறிவித்தபோதும், வணிகம் செய்யலாம், குடியிருக்கலாகாது என்று நிபந்தனை போட்டார்கள். அதற்குள் சாட்ஸ்வர்த்துக்கு மக்கள் அனுப்பப்பட்டுவிட்டார்கள்; பின்னர் ஃபீனிக்ஸ் என்னும் புறநகருக்கும் அனுப்பப்பட்டார்கள். மாலையில் மேசைகளை நிரப்பியவர்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் லவுஞ்சு எப்படி நடக்கும்? அதே 1973 மார்ச்சில் விக்டோரியா தெரு இந்தியச் சந்தை தீக்கிரையானதும் பெரிய அடி. 1990க்குப் பின் எல்லாக் கதவுகளும் திறந்தபோது, வசதி படைத்த இந்தியர்கள் மஸ்கிரேவ், உம்ஷ்லாங்கா பகுதிகளை நாடினார்கள். நீதி கிடைத்ததன் விளைவாகவே ஒரு தெரு வாடியது என்பது முரண்தான்.

இன்று எங்கே சாப்பிடலாம்? பழைய தெருப் பெயர்கள் வரைபடத்தில் கிடைக்கவில்லையே?

கிரே தெரு இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு. விக்டோரியா தெரு பெர்த்தா ம்கிசே தெரு. ஸ்மித் தெரு ஆண்டன் லெம்பேடே தெரு. பெயர் மாறிய வரிசையில் டாக்டர் கூனம் தெருவும் உண்டு. பழைய பிரின்ஸ் எட்வர்ட் தெருவுக்கு ஒரு தமிழ்ப் பெண் மருத்துவரின் பெயர். உள்ளூர்க்காரர்களிடம் வழி கேட்கும்போது பழைய பெயரைச் சொன்னால் விரைவில் புரிந்துகொள்வார்கள்.

ஆட்டுக்கறி பன்னிக்கு உம்கேனி சாலையிலுள்ள பிரிட்டானியா ஹோட்டலையும், உம்பிலோ பகுதியில் கவுண்டன்ஸ் கடையையும் பலரும் பரிந்துரைப்பார்கள். ஆடம்பரமாக உண்ண விரும்புபவர்கள் உம்ஷ்லாங்காவில் கடலைப் பார்த்து நிற்கும் ஆய்ஸ்டர் பாக்ஸ் ஹோட்டலின் கறி விருந்துக்குப் போகலாம். முன்பதிவு செய்துகொள்வது நல்லது. தோசை வேண்டுமானால், 1990களுக்குப் பின் இந்தியாவிலிருந்து சமையற்காரர்களை வரவழைத்துத் தொடங்கிய மஸ்கிரேவ் பகுதி உணவகங்களைத் தேடவேண்டும். பன்னியைக் கையால்தான் உண்பார்கள்; மேலே வைத்துத் தரும் ரொட்டித் துண்டைக் கறியில் தொட்டு உண்ணத் தொடங்கி, பிறகு சுவரை மேலிருந்து கீழாகப் பிய்க்கவேண்டும். கீழிருந்து பிய்த்தால் குழம்பு முழுவதும் மடியில் விழும்.